மருதமரத்தடியில் கடைசிக் கூட்டம்

மண்டபம் இன்னும் வரவில்லை, கல்வெட்டு வந்துவிட்டது. கறுப்புக் கல்லில் பொன்னெழுத்து. மேலே பெரிதாகச் ‘சபைச் செயலர் கிருபைராஜ்’, கீழே ‘அசன மண்டபம்’, ஓரத்தில் மிஞ்சிய இடத்தில் ‘தேவ மகிமைக்கு’. அதை ஆலய வளாகத்து மருதமரத்தில்தான் சாய்த்து வைத்திருந்தார்கள். மண்டபம் எழும்ப வேண்டிய இடமும் அதுதான். மரம் ஆலயத்தைவிட மூத்தது. நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாது.

கிருபைராஜின் பதவிக்காலம் முடிய ஒரு மாதமே பாக்கி. அதற்குள் மரத்தை வெட்டி அடிக்கல் நாட்டாவிட்டால், வேறு செயலர், வேறு கல்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. கூட்ட அறையின் தகரக்கூரை கொதித்ததால், எப்போதும்போல நாற்காலிகள் மரத்தடிக்கு வந்தன.

“இந்த மரத்தால சபைக்கு என்ன பிரயோசனம்?” கிருபைராஜ் தொண்டையைச் செருமினார். “சும்மா நிக்குது.”

“அண்ணாச்சி, ஒங்க மேல வெயில் வந்துட்டு. நாற்காலிய பைய இங்கன தள்ளிப் போடுங்க,” என்றாள் கமிட்டியின் மூத்த உறுப்பினர் சாரம்மாள்.

தள்ளிப் போட்டுக்கொண்டு, வளர்ச்சி, வருங்காலச் சந்ததி என்று தொடர்ந்தார்.

“அசனச் சோறு இந்த நிழல்லதான வே ஆக்குதோம்?” என்றார் பொருளாளர் வன்னியராஜ். வருஷத்துக்கொருமுறை சபையே கூடி உண்ணும் விருந்து அது. “மண்டபத்துக்குள்ள விறகடுப்பு மூட்டினா ஆட்டோட சேந்து ஐயரும் வெந்துருவாரு.”

போதகர் ஜோஷுவா ஐயர் வேர்மேல் சாய்ந்து நல்ல உறக்கத்தில் இருந்ததால் மறுக்கவில்லை.

மரத்தை வெட்டும் தீர்மானம் நிறைவேறியது. அசனத்தில் கறிவாளி தூக்கும் கௌரவத்தைப் பிரித்துக் கொடுப்பவர் கிருபைராஜ். எதிர்த்துக் கை தூக்க யாருக்கும் தெம்பில்லை.

“அடுத்த கூட்டம் எங்கன சார்?” குறிப்பேடு எழுதும் கரோலின் டீச்சர் கேட்டாள்.

“இதென்ன கேள்வி? மரத்தடிலதான்,” என்றார் கிருபைராஜ்.

எழுதினாள். ஐயரை எழுப்பினார்கள், முடிவு ஜெபம் ஆயிற்று. கையெழுத்துப் போடக் குனிந்த கிருபைராஜ் அப்படியே நின்றார். குறிப்பேட்டில் எழுதிய இடத்தில் அல்லாமல் வேறெங்கு கூடினாலும் செல்லாது. முடிவு ஜெபத்துக்குப் பின் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. இரண்டும் அவரே கொண்டுவந்த விதிகள். போன வருஷம் எதிரணி வீட்டில் கூடிய கூட்டத்தை இவற்றால்தான் கவிழ்த்தார். அடுத்த கூட்டமோ அவருடைய கடைசிக் கூட்டம். அதுவரை மரம் நின்றாக வேண்டும். அதற்குப் பின் அவர் செயலரில்லை.

“டீச்சர், அதை அடிச்சிட்டு கூட்ட அறைன்னு போடும்மா.”

“ஜெபம் ஆயிட்டே சார்.”

கிருபைராஜ் ஐயரைப் பார்த்தார். ஐயர் ஆகாயத்தைப் பார்த்தார். தெரிந்ததெல்லாம் மருத இலைகள்தான்.

டீ வந்தது. சாரம்மாள் கல்வெட்டைப் பைய மல்லாத்தி அதன்மேல் கிளாஸ்களை வரிசையாக வைத்தாள். “நல்ல வழுவழுன்னு இருக்கு, அண்ணாச்சி. ஆட மாட்டேங்கு.”

தம் பெயர்மேல் இருந்த கிளாஸை கிருபைராஜ் எடுத்துக்கொண்டார். வெயில் மறுபடி முழங்காலைத் தொட்டது. இம்முறை யாரும் சொல்லாமலே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.