வாசல் பக்கத்துத் துண்டு

அப்பாவின் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் இன்னொரு சாம்பல் நிறச் செதில் விழுந்தது. முதலில் விழுந்ததைத் தூசி என்று தட்டிவிட்டவள், இதை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். பெயின்ட். தீ விபத்துக்குப் பிறகு தம்பி உத்திரத்துக்கு அடித்தது. நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

வீட்டு மாடிப்படி குறுகல் என்று அப்பாவை அவருடைய பட்டறையிலேயே கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். பட்டறையில் படுத்த இரவில் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோன மனிதர். வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டுமே என்று தம்பி காலையில் தரையில் கிடந்த இரும்புச் சாமான் முழுவதையும் பரணில் ஏற்றிவிட்டான். பரணைத் தாங்குவது அந்த ஒற்றை இரும்பு உத்திரம். பட்டறையின் பின்பக்கம் தீப்பிடித்தபோது அதுவும் சேர்ந்து வெந்தது.

அவளுக்கு உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை. தீ அணைந்த பிறகு தம்பியிடம் உத்திரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி அனுப்பச் சொல்லி, அதைக் கண்ணாடி போல மெருகேற்றி, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் பார்த்தாள். இரும்பின் வெள்ளை நுண்மணிகளுக்கு நடுவே கறுத்த மணிகள். கறுத்தவற்றுக்குள் மெல்லிய அடுக்குகள். நெடுநேரம் தீயில் கிடந்த இரும்பில் அந்த அடுக்குகள் உடைந்து உருண்டுவிடும், வலு போய்விடும். இதில் ஒன்றும் கலையவில்லை. “பயப்படாதீங்கப்பா, நல்லா இருக்கு” என்று போனில் சொன்னாள். மகள் சொன்னால் அப்பாவிடம் மறுபேச்சு கிடையாது.

இப்போது அவள் கண் உத்திரத்தில் வெட்டிய தழும்பைத் தேடியது. பின்பக்கம் காணோம். வாசல் பக்கம் இருந்தது.

“டேய், துண்டை அங்கயா வெட்டின?”

“ஆமா, அங்கதான் ஏணி வைக்க முடிஞ்சுது. எல்லாம் ஒரே இரும்புதானேக்கா?”

தீ அண்டாத முனையைப் பார்த்துவிட்டு முழு உத்திரத்துக்கும் நற்சான்று கொடுத்திருக்கிறாள். வெந்த பாதிக்கு நேர் கீழே அப்பா, அம்மா, அத்தை, தெருக் குழந்தைகள்.

“எல்லாரும் வெளிய போங்க. அப்பாவைத் தூக்குங்க, இப்பவே!”

“உனக்கென்ன பைத்தியமா?” அத்தை சீறினாள். குறை சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. “என் அண்ணனை நடுத்தெருவுல போடுவியா?”

“நீதானேக்கா நல்லா இருக்குன்னு சொன்ன?” தம்பி குரலைத் தாழ்த்தினான். “இத்தனை பேர் முன்னாடி...”

“தப்பாச் சொல்லிட்டேன்.” அவள் சத்தமாகவே சொன்னாள். “உத்திரம் வளையுது. பெயின்ட் உதிருது பாரு.”

யாரும் அசையவில்லை. அம்மாதான் முதலில் எழுந்தாள். கால்மாட்டுக்குப் போய்க் கட்டிலைப் பிடித்தாள்.

“அவ சொன்னா அவர் கேட்டிருப்பார். தூக்குங்க.”

தூக்கினார்கள். கட்டில் வாசல் சட்டத்தில் இடித்தபோது அவளுக்கு உயிரே போய் வந்தது. கடைசி ஆள் வெளியேறும்வரை உத்திரத்திலிருந்து கண்ணெடுக்காமல் உள்ளேயே நின்றாள். பிறகு அவளும் வெளியே வர, தம்பி ஷட்டரை இழுத்து மூடினான்.

எதிரே மர நிழலில் கட்டிலை இறக்கினார்கள். அத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மூடிய ஷட்டருக்குப் பின்னால் இரும்பு ஒருமுறை நீளமாக முனகியது. அத்தை பேச்சை நிறுத்தினாள். தம்பி குழந்தைகளை இன்னும் தள்ளிக் கூட்டிப்போனான்.

அவள் அப்பாவின் நெஞ்சருகே உட்கார்ந்து துணியைத் தட்டிவிட்டாள். துணியில் ஒன்றுமில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மறுபடியும் தட்டிவிட்டாள்.