லூரீனின் இரண்டு நிமிடம்

மார்லோ நகராட்சிக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் இரண்டே நிமிடம். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு விளக்கு இருக்கிறது. பச்சை எரிந்தால் பேசு, மஞ்சள் எரிந்தால் சுருக்கு, சிவப்பு எரிந்தால் வாயை மூடு. ஊரே கூடி வகுத்த சட்டம் இது, மேயரே வந்து கெஞ்சினாலும் மாறாது. இந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் லூரீன் ப்ராக்டர் மூன்று வாரமாக வேனுக்குள் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன்தான் வீடு. முன் இருக்கை தம்பி வெண்டலுக்கு, பின்னால் கிடக்கும் மெத்தை அவளுக்கு. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் கரண்டி பிடித்தவள் லூரீன். இருந்த கட்டடத்தை எவனோ வாங்கினான், வாடகையை ஒரேயடியாக ஏற்றினான், அக்காவும் தம்பியும் பெட்டி படுக்கையோடு வேனுக்கு வந்து சேர்ந்தார்கள். காப்பகத்துக்குப் போகலாம்தான். ஆனால் ஆண்களுக்கு ஊரின் இந்தக் கோடியில், பெண்களுக்கு அந்தக் கோடியில். ஒருமுறை போய்ப் பார்த்தார்கள். வெண்டல் விடிவதற்குள் அக்காவைத் தேடி ஊரையே நடந்து கடந்து, பெண்கள் காப்பகத்து வாசலில் வந்து உட்கார்ந்திருந்தான். காலில் செருப்புகூட இல்லை. அதோடு அந்தப் பேச்சை விட்டாயிற்று.

வெண்டலுக்கு வயது நாற்பத்தொன்பது. காதில் குரல் கேட்கும் அவனுக்கு. மாதம் ஒரு ஊசி போட்டால் குரல்கள் தூரப் போய்விடும். அப்போது அவனைப் போலத் தமாஷான ஆள் கிடையாது. ஊசி போட வருகிறவள் மாவட்ட மனநலத் துறையின் நர்ஸ் இமெல்டா குரூஸ். வேன் எங்கே நிற்கிறது என்று தெரு தெருவாகத் தேடித்தான் அவள் வர வேண்டும். போலீஸ்காரர் வந்து வண்டியை நகர்த்தச் சொன்ன மாதங்களில் அவளால் கண்டுபிடிக்க முடியாமல் போனதுண்டு. அந்த மாதங்களைப் பற்றி லூரீன் யாரிடமும் பேசுவதில்லை.

இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. மூடிக் கிடக்கும் சில்வர் ஸ்பர் மோட்டலை வாங்கி, வீடில்லாதவர்களுக்கு அறைகளாக மாற்றி, கீழேயே இமெல்டா மாதிரி ஆட்களுக்கு ஒரு அலுவலகமும் போடுவது என்று திட்டம். பணம் மாநில அரசு தரும். ஆனால் நகராட்சி 'நாங்கள் ஆதரிக்கிறோம்' என்று தீர்மானம் போட்டு அனுப்பினால்தான் விண்ணப்பத்தையே வாங்குவார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். செவ்வாய்க்கிழமை கூட்டம்.

ஒத்திகையில் வெண்டல்தான் மேயர். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வான். ஒரு கையில் தகரக் குவளை, ஒரு கையில் கரண்டி. லூரீன் பேசுவாள். நேரம் ஆனதும் குவளையில் டங்கென்று தட்டி, "நேரம் முடிஞ்சுதும்மா, நன்றி" என்பான். இன்னும் ஒரு வரிதான் என்று அவள் கெஞ்சினாலும் விட மாட்டான். "நகராட்சில அக்கா தம்பியெல்லாம் கிடையாது. உக்காருங்கம்மா." ஆரம்பத்தில் ஏழு நிமிடம் ஓடிய பேச்சை அவன் தட்டித் தட்டியே இரண்டு நிமிடத்துக்குள் அடக்கினான்.

செவ்வாய்க்கிழமை மாலை இருவரும் குளித்து, தலை வாரி, சலவைக் கூடத்தில் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்கள். பேச விரும்புகிறவர்கள் சீட்டு எழுதித் தர வேண்டும், லூரீன் தந்தாள். வெண்டலைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு முன் வரிசைக்குப் போனாள். இமெல்டாவை இன்னும் காணோம்.

கொடி வணக்கம் முடிந்தது. நூலக வாரத்துக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வாசித்தார்கள். பிறகு மேயர் பெவர்லி ஆஷ் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, நான்கிலிருந்து பத்தொன்பது வரை உள்ள தீர்மானங்களைச் சேர்த்து ஒரே ஓட்டெடுப்பில் நிறைவேற்றப் போவதாகவும், அதிலிருந்து எதையாவது தனியே எடுக்க வேண்டுமா என்றும் மளமளவென்று கேட்டார். குழாய் பழுது, மரம் வெட்டுவது, புல்வெட்டும் இயந்திரம் வாங்குவது எல்லாம் அதில் இருந்தன. பதினான்காவதாக மோட்டலும் இருந்தது.

லூரீன் பட்டியலில் பதினான்கை இரண்டு தரம் விரலால் தொட்டுப் பார்த்தாள். இதென்ன அநியாயம், யாரும் ஒரு வார்த்தை பேசாமல் என் மோட்டலைப் புல்வெட்டும் இயந்திரத்தோடு சேர்த்து முடித்துவிடப் பார்க்கிறார்களே. மூன்று வாரம் தொண்டை வறளப் பேசிப் பழகியது எதற்கு? எழுந்து நின்றாள்.

"பதினாலாவதைத் தனியா எடுங்கம்மா. நான் அதைப் பத்திப் பேசணும்."

மேயர் ஒரு விநாடி அவளையே பார்த்தார். நிச்சயமாகவா என்று கேட்டார். நிச்சயமாக என்றாள் லூரீன். சரி, பதினான்கைத் தனியே எடுத்தோம் என்றார் மேயர். மற்றவையெல்லாம் ஒரே மூச்சில் நிறைவேறின. லூரீன் ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டவள் போல உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து இமெல்டா மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததைப் பெருமையாகச் சொன்னாள் லூரீன். இமெல்டா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"லூரீனம்மா, அது சண்டையில்லாத விஷயங்களை வைக்கிற இடம். அப்படியே விட்டிருந்தா இந்நேரம் பாஸாயிருக்கும்."

"அப்ப இனிமே?"

"இனிமே யார் வேணா எதிர்த்துப் பேசலாம்."

லூரீன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது இப்படித்தான். நகராட்சிக் கூட்டங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் செய்யாத தப்பு; ஆசையாகப் பேச வந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

வினை அதோடு நிற்கவில்லை. இரண்டாவது வரிசையில் டயர் கடை கோர்டன் ஸ்டட்ஸ் உட்கார்ந்திருந்தார். கடை முன்னால் வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிக்கிறார்களே என்று சண்டை போட வந்தவர் அவர். அவருடைய கடைக்கு அடுத்த மனைதான் சில்வர் ஸ்பர். இந்தத் தீர்மானம் வந்திருப்பதே அவருக்குத் தெரியாது. லூரீன் எழுந்து கத்திய பிறகுதான் பக்கத்தில் இருந்தவரிடம் "எந்த மோட்டல்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நேரே போய் ஒரு சீட்டு எழுதினார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதினான்காவது வந்தது. முதலில் ஸ்டட்ஸ். நல்ல கனத்த குரல். தான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஆனால் ஏற்கெனவே கடைக்குப் பின்சந்தில் குப்பையும் கூளமும் தாங்கவில்லை, இருட்டினால் அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது, பக்கத்திலேயே இதைக் கொண்டுவந்தால் இன்னும் எங்கெங்கிருந்தோ வருவார்கள் என்றார். சிவப்பு எரிவதற்கு முன்பே முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

உறுப்பினர் பெல்ட்சருக்கு அது போதுமானதாக இருந்தது. எதையும் தள்ளிவைப்பதில் பெயர் போன மனிதர் அவர். அக்கம்பக்கத்தாரைக் கலந்து பேசி அடுத்த கூட்டத்தில் பார்க்கலாமே என்றார். அடுத்த கூட்டம் இரண்டு வாரம் கழித்து. வெள்ளிக்கிழமை அதற்குள் வந்து போயிருக்கும். இமெல்டா லூரீனின் கையை இறுகப் பிடித்தாள்.

லூரீனைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கி முன்னால் போய்த் தாளை விரித்தாள். பச்சை எரிந்தது. தாளில் முதல் வரி நகராட்சிக்கு வணக்கம் என்று இருந்தது. ஆனால் அவள் கண் தாளில் நிற்கவில்லை. திரும்பி ஸ்டட்ஸைப் பார்த்தாள்.

"எங்கெங்கிருந்தோ வருவாங்கன்னு சொன்னீங்களே சார். எங்கிருந்தும் வரல. உங்க கடைக்குப் பின்னாலதான் இருக்கோம். அந்த நீல வேன் எங்களுதுதான்."

ஸ்டட்ஸ் நிமிர்ந்தார். "அந்த ஓட்டை டயர் வேனா?"

உட்கார்ந்த இடத்திலிருந்து பேசக் கூடாது என்று மேயர் சுத்தியலால் தட்டினார்.

"அதேதான்," என்றாள் லூரீன். "சனவரி மாசம் மழைல பஞ்சர் ஆனப்ப நீங்கதான் ஒட்டிக் குடுத்தீங்க, பைசா வாங்கல. காலைல கிளம்பிடணும்னீங்க. நீ எங்க போவேன்னும் நீங்களேதான் கேட்டீங்க. எனக்குப் பதில் தெரியல. இப்பத் தெரியும். பக்கத்து மனைக்கு."

சிரிப்பு எழுந்தது. ஸ்டட்ஸ் சிரிக்கவில்லை, ஆனால் கழுத்து சிவந்தது. குப்பை தங்களுடையது இல்லை என்றாள் லூரீன். பெருக்குவதே தான்தான் என்றாள். இருட்டில் தனக்கும்தான் பயமாக இருக்கிறது, அந்தச் சந்தில் ஒரு விளக்காவது உண்டா என்று கேட்டாள். இருபது வருஷச் சமையலறைக் குரல், கூடமே அதிர்ந்தது. வேகத்தில் மஞ்சளைக் கவனிக்கவில்லை. தம்பியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது சிவப்பு எரிந்தது.

மேயர் வருத்தத்தோடுதான் சொன்னார், நேரம் முடிந்துவிட்டது என்று. தாள் கையிலேயே இருந்தது. அதில் ஒரு வரிகூட அவள் வாசிக்கவில்லை. ஸ்டட்ஸோடு மல்லுக்கட்டியே இரண்டு நிமிடத்தையும் தொலைத்தாயிற்று. கண்ணில் நீர் முட்ட, இருக்கைக்குத் திரும்பினாள்.

அப்போது கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வெண்டல் எழுந்து வந்துகொண்டிருந்தான். கையில் ஒரு சீட்டு. எப்போது எழுதினானோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதைச் செயலரிடம் நீட்டி, "என் நேரத்தை அக்காவுக்குக் குடுத்துடுங்க" என்றான்.

இந்த ஊரில் ஒருவர் நேரத்தை இன்னொருவருக்குத் தர முடியாது, வேண்டுமானால் அவரே பேசலாம் என்று மேயர் மென்மையாகச் சொன்னார். இமெல்டா எழப் போனாள். முன்பின் தெரியாத நாலு பேர் இருந்தாலே சுவரைப் பார்த்து நிற்கிறவன் வெண்டல்; இங்கே ஒரு கூடம் நிறைய ஆட்கள்.

வெண்டல் விளக்கைப் பார்த்தான். பச்சை. தொண்டையைச் செருமினான்.

"நகராட்சிக்கு வணக்கம். என் பேரு லூரீன் ப்ராக்டர்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் நிறுத்தவில்லை. மூன்று வாரம் குவளையும் கையுமாகக் கேட்ட பேச்சு. ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது.

"இந்த ஊர் ஸ்கூல்ல இருபது வருஷம் சமைச்சேன். உங்க பிள்ளைங்களும் சாப்பிட்டிருக்கும். எனக்கு ஒரு தம்பி, பேரு வெண்டல். காலைல எழுந்ததும் மூஞ்சிய உர்ருன்னு வச்சிருப்பான், காபி குடிச்சா சரியாயிடுவான். அவனுக்குக் காதுல குரல் கேக்கும். மருந்து போட்டா கேக்காது. மருந்து போடுற பொண்ணு எங்களைத் தெருத் தெருவாத் தேடணும். கண்டுபிடிக்க முடியலன்னா மருந்து இல்ல. எனக்குப் பெரிய வீடெல்லாம் வேணாம். அந்தப் பொண்ணு வந்து தட்டுறதுக்கு ஒரு கதவு வேணும்."

இதோடு பேச்சு முடிய வேண்டும். அடுத்து நன்றி சொல்லி உட்கார வேண்டியதுதான். வெண்டல் உட்காரவில்லை.

"எனக்கும் வயசாகுது," என்றான். "நான் போயிட்டா இவனை யார் தேடுவாங்க?"

லூரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வரியை அவள் ஒரே ஒரு தரம்தான் சொல்லிப் பார்த்தாள், அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து. சொன்ன கையோடு பேச்சிலிருந்து எடுத்தும்விட்டாள். பாவி, முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

விளக்கு இன்னும் பச்சையாகவே இருந்தது. வெண்டல் ஒலிவாங்கியை விரலால் ஒரு தட்டுத் தட்டினான். "நேரம் முடிஞ்சுதும்மா, நன்றி." யாரையும் பார்க்காமல் கடைசி வரிசைக்கு நடந்தான்.

அவன் உட்காரும் வரை எல்லாத் தலைகளும் அவன் பின்னாலேயே திரும்பின. பிறகு ஸ்டட்ஸ் கை தூக்கினார். அவருடைய நேரம் முடிந்துவிட்டதென்று மேயர் நினைவுபடுத்தினார். "தெரியும்மா. அந்தச் சந்துல ஒரு விளக்கு போடுறதா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல, அவ்வளவுதான்" என்று சட்டத்தை மீறி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விளக்கையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். நாலுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. அந்த ஒன்று பெல்ட்சர். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் சுபாவம் அது.

வாசலில் ஸ்டட்ஸ் லூரீனை நிறுத்தினார். முன்சக்கரம் இரண்டும் வழுவழுவென்று தேய்ந்து கிடக்கிறது, நாளைக்கு வண்டியைக் கொண்டு வா, பார்க்கலாம் என்றார். காசு வாங்குவீர்களா என்று லூரீன் கேட்டாள். இந்தத் தரம் வாங்குவேன், அக்கம்பக்கத்தார் விலை என்றார். இமெல்டாவுக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும் வேலை, ஆனால் சந்துக்கு விளக்கில்லாமல் முடிந்திருக்கும் என்றாள்.

வெள்ளிக்கிழமை விண்ணப்பம் போனது. பணம் வந்தது. சுவருக்கு வெள்ளையடிக்கவும் குழாய் மாற்றவும் அடுத்த இலையுதிர்காலம் ஆகிவிட்டது. லூரீனுக்கு ஏழாம் எண், வெண்டலுக்கு எட்டு. நடுவில் ஒரு சுவர்தான் என்றாலும், சாவி கொடுத்த அன்று அவளுக்கு அது மலை மாதிரித் தெரிந்தது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அவன் இல்லாமல் அவள் தூங்கி வெகுகாலம் ஆகியிருந்தது.

அன்று மாலை சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். கீழே அலுவலகக் கதவு சாத்தும் சத்தம், பிறகு படியில் இமெல்டாவின் காலடி. ஊசி நாள். பழக்கதோஷத்தில் அடுப்பைக் குறைத்துவிட்டு, தம்பியைக் கூப்பிட்டு விடத் திரும்பினாள். காலடி அவள் கதவைத் தாண்டிப் போயிற்று. எட்டாம் எண் கதவு தட்டப்பட்டது. வெண்டல் திறந்தான். ஏதோ சொன்னான், இமெல்டா சிரித்தாள்.

லூரீன் கரண்டியும் கையுமாக நின்றாள். போகலாமா என்று ஒரு கால் எடுத்து வைத்தாள். போகவில்லை. அங்கே அவள் தேவை இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு சூப்பைச் சூடாகக் குடித்தாள்.

குடித்து முடிக்கும்போது சுவரில் டங்கென்று ஒரு சத்தம். தகரக் குவளை.

"நேரம் முடிஞ்சுதும்மா," என்றது சுவருக்கு அந்தப் பக்கம். "போய்ப் படுங்க."