வெந்நீர் மட்டும்தான்

சமையலறை சிங்கில் முந்தின நாள் மாலையிலிருந்து தண்ணீர் இறங்கவில்லை. எண்ணெய் மிதக்கும் அழுக்குத் தண்ணீரைக் குவளையால் மொண்டு வெளியே ஊற்றிவிட்டு, குளியலறை கழுவ வைத்திருந்த ஆசிட்டில் அரை பாட்டிலை அவள் துளைக்குள் கவிழ்த்தாள். புகை வந்தது, மூக்கு எரிந்தது, அடைப்பு மட்டும் அசையவில்லை. கணவர் குளித்துவிட்டு வரும் சத்தம் கேட்டதும் பாட்டிலை அலமாரியின் பின்பக்கம் தள்ளினாள்.

அந்த வீட்டில் ஒரு தம்ளர் உடைந்தால்கூட விசாரணைக் கமிஷன் உட்காரும். கணவர் கை நீட்டுகிறவர் அல்ல, அவருக்கு நாக்கே போதும். "பன்னிரண்டு வருஷமாச்சு, ஒரு சிங்கை ஒழுங்கா வச்சுக்கத் தெரியல" என்று ஆரம்பித்தால் அவள் பிறந்த வீடு வரைக்கும் போய்த்தான் நிறுத்துவார். வெளியில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். வீட்டில் தான் செய்வதற்குப் பெயர் ஒழுங்கு என்று அவர் மனதார நம்பினார்.

பத்து மணிக்கு பிளம்பர் வந்தார். ஐம்பதை நெருங்குகிறவர். பையை இறக்கியதும் அவளிடம்தான் முதலில் கேட்டார்.

"ஆசிட், பவுடர்னு எதாவது ஊத்துனீங்களாம்மா? ஊத்தியிருந்தா தப்பில்ல, சொல்லிடுங்க. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு வேற மாதிரி கழட்டணும்."

அவள் வாய் திறப்பதற்குள் வாசற்படியில் நின்ற கணவர் முந்திக்கொண்டார். "என்ன, ஏதாவது கைவரிசை காட்டி வச்சிருக்கியா?"

"இல்லைங்க. வெந்நீர் மட்டும்தான் ஊத்தினேன்."

பிளம்பர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, வளைந்த குழாயின் மரையைத் திருகினார். குழாய் கழன்றதும் உள்ளே தேங்கியிருந்தது மொத்தமும் அவர் முகத்தில் கொட்டியது.

அவர் அலறிய அலறலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "என்னம்மா ஊத்துனீங்க, என்ன ஊத்துனீங்க" என்று கண்களைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஆசிட்டுண்ணா" என்றாள் அவள். அந்தச் சொல் கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

குளியலறைக் குழாயடியில் உட்காரவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீரை ஊற்றினார்கள். ஆனாலும் வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நிழல் மட்டும் தெரியும் என்றார் மருத்துவர்.

மூன்றாம் நாள் கணவனும் மனைவியும் பார்க்கப் போனார்கள். கட்டுப் போட்ட முகத்தோடு கட்டிலில் சாய்ந்திருந்த மனிதரின் முன்னால் நின்று, கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாம் இவளால வந்த வினை. அன்னிக்கே வாயைத் தொறந்து சொல்லித் தொலைச்சிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

பிளம்பர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அவங்க பொய் சொல்றாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும் சார். முகத்துலயே எழுதி ஒட்டியிருந்துச்சு. திரும்பக் கேட்டா, நான் போனப்புறம் உங்ககிட்ட அவங்கதானே வாங்கிக் கட்டிக்கணும். கண்ணாடியை எடுத்து மாட்டுனாக்கூட உங்களுக்குச் சந்தேகம் வந்துருமேன்னுதான் மாட்டல. என்னோடதும் முட்டாள்தனம்தான்."

அடுத்த கட்டிலில் இருந்தவர் காதில் விழுந்ததா என்று கணவர் திரும்பிப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். உண்மையைச் சொன்னா திட்டு விழும்னு நடுங்குற வீட்டுல யாரும் உண்மை பேச மாட்டாங்க. அந்தப் பொய்க்கு யாராவது ஒருத்தன் பலியாவான். இந்தத் தடவை நான். இனிமே ஸ்பேனரைத் தடவித்தான் எடுக்கணும், எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?"

பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாகக் கணவருக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கதவோரம் நின்றிருந்த மனைவியின் பக்கம் திரும்பினார்.

அவர் வாயெடுப்பதற்குள் அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"நான் இவர்கிட்ட ஒண்ணும் சொல்லலைங்க" என்றாள்.