பவளப் பூச்சியும் ஐயாவு மாமாவின் விரதமும்

ஐயாவு மாமா சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. லயத்து வரிசை வீட்டில் என் காம்பரா வாசலில் நின்று, வாயிலிருந்த வெற்றிலையை நிதானமாக மென்று முடித்து, ஓரமாகத் துப்பினார். "கலா, இந்த வருஷம் கரகம் உனக்கு இல்லம்மா. எம் மருமவ எடுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் நாங்கள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் சித்திரையில் மாரியம்மன் திருவிழா. காப்புக் கட்டியாகிவிட்டால் தேர் முடியும்வரை மீன், இறைச்சி எந்த வீட்டு அடுப்பிலும் ஏறாது. பால்குடம் எத்தனை பேர் வேண்டுமானாலும் எடுக்கலாம். கரகம் மட்டும் ஒன்றே ஒன்று. எங்கள் தோட்டத்தில் அதைப் பெண்தான் எடுப்பாள். யார் என்று தீர்ப்பது கோயில் தலைவர், அதாவது ஐயாவு மாமா.

முந்திய வருஷம் என் புருஷனையும் மாமாவின் மகன் சுதாகரனையும் கொழும்பில் அவர்கள் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் வைத்து, பொலிஸ்காரர்கள் சந்தேகம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் உயிரோடு வெளியே வந்தால் கரகம் எடுக்கிறேன் என்று நான் நேர்ந்துகொண்டேன். தை மாதம் வந்துவிட்டார். சுதாகரன் வரவில்லை. அப்படி ஒரு பெயரே தங்களிடம் இல்லை என்று போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். அதனால் சுதாகரனின் பெண்சாதி கிருஷ்ணகுமாரிக்கும் கரகம் வேண்டியிருந்தது. வந்தவருக்காக நான், வராதவனுக்காக அவள். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முதலில் கேட்டது நான். மாமாவும் சரி என்று தலையாட்டியிருந்தார். நேர்ந்ததைச் செய்யாவிட்டால் கொடுத்ததை அம்மன் திருப்பி எடுத்துக்கொள்வாளோ என்று எனக்கு ஒரே பயம். ராத்திரியில் அவர் இருமினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு சம்பல். காப்புக் கட்டி விரதம் ஓடிக்கொண்டிருந்தபோதே, சித்திரைப் புதுவருஷத்துக்குக் கீழே கிராமத்திலிருந்து சோமாவதி அக்கா கிரிபத் என்கிற பால்சோறும் லுணுமிரிஸ் சம்பலும் கொண்டுவந்து, "அனே, கன்ன நங்கி", சாப்பிடு தங்கச்சி என்று கையில் திணித்தாள். இரண்டு வாய் உள்ளே போன பிறகுதான் லுணுமிரிஸில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருக்கும் என்பது உறைத்தது. சிங்கள வீடுகளில் மாசியை மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. உப்பு மாதிரி அது பாட்டுக்குக் கிடக்கும். நான் துப்புவதற்குள் மாமா வாசலில் நின்றார். தட்டைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் பவளக்காரர்கள் வந்தார்கள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கூட்டம் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டுப் போனார். பணிசும் தேத்தண்ணியும் உண்டு என்று கேள்விப்பட்டதும் தோட்டமே திரண்டது. வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டி, படம் காட்டும் மெஷினை மேசைமேல் வைத்திருந்தார்கள். பேச வந்தது ஸாஹிரா மிஸ். மாவனெல்லைப் பெண், கடலைப் பற்றிப் படித்துவிட்டுக் கொழும்பில் 'உலகப் பவளத் தோழமை' என்ற அமைப்பில் வேலை செய்தார். கூடவே நெடுநெடுவென்று ஒரு வெள்ளைக்காரர், கையில் கேமரா. எதைப் பார்த்தாலும் சிரித்தார்.

மிஸ் முதலில் அமைப்புகளைக் காட்டினார். ஆஸ்திரேலியாவில் ஒன்று, பிலிப்பைன்ஸில் ஒன்று, அமெரிக்காவில் எத்தனையோ. ஒன்றுக்கு ஆமை முத்திரை, ஒன்றுக்கு மீன், இன்னொன்றுக்கு உலகத்தைத் தாங்கும் இரண்டு கை. ஒன்று ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்குமாம், ஒன்று ஆட்களைக் கடலுக்குள் இறக்குமாம், ஒன்று அரசாங்கங்களோடு பேசுமாம். எல்லாம் கடலுக்கடியில் இருக்கிற பவளப் பாறைக்காக.

எங்கள் லயத்து இருளாயி அக்காவுக்கு மனதில் பட்டதை வாயில் அடக்கத் தெரியாது. "எங்க சங்கத்துக்கு மாசா மாசம் சந்தா புடிக்கிறாங்க மிஸ். அந்தப் பவளம் சந்தா கட்டுதா?" என்று கேட்டாள்.

"இல்லையே."

"கட்டாமலேயே இத்தன பேரு ஓடித் திரியிறாங்களா. குடுத்து வச்ச சென்மம்."

களம் சிரித்தது. வெள்ளைக்காரரும் சேர்ந்து சிரித்தார். போன வருஷம் கடல் சூடாகிப் பவளமெல்லாம் வெளுத்துப்போன படத்தை மிஸ் காட்டினார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். தெற்குக் கரையில் பவளத்தை உடைத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குகிறார்கள். லயத்துக்கும் கோயிலுக்கும் நாம் வருஷா வருஷம் வெள்ளை அடிப்பது அதைத்தான், வெற்றிலையில் தடவுவதும் அதைத்தான். வாங்குகிறவர்கள் வேண்டாம் என்றால் உடைக்கிறவர்களும் நிறுத்துவார்கள்.

"அது கல்லு இல்ல. உசிரு ஈக்கிது அதுக்கு" என்றார் மிஸ். "சின்னப் பூச்சி மாதிரி மிருகம். அதுட எலும்புதான் நாம பாக்கிற பாறை."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாமா முன்வரிசையில் இருந்தார். அவருடைய கை சுண்ணாம்பு டப்பியில் நின்றுவிட்டது.

"மிஸ், அப்ப அது மரக்கறி இல்லையா?" என்று ரொம்பப் பணிவாகக் கேட்டேன்.

"இல்ல இல்ல, மிருகந்தான்."

"சாப்புடுமா?"

"ராவைக்குக் கையை நீட்டிக் குட்டிக் குட்டிப் பூச்சியெல்லாம் புடிச்சித் தின்னும்."

"அதுவே கவுச்சி தின்னுற சாதியா" என்றேன். களத்தில் இருந்த அத்தனை தலையும் மாமாவின் சிவந்த வாய்ப் பக்கம் திரும்பியது. இந்தத் தீவில் இவ்வளவு ஆர்வமாக யாரும் கேள்வி கேட்டதில்லை என்று மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம்.

மாமா எழுந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வேறு எதையோ கேட்டார். "கடலுக்கு அடியில அத்தன கெடக்குமே. எது இருக்கு, எது இல்லாமப் போச்சின்னு எப்புடித் தெரியும் மிஸ்?"

"எழுதி வப்போம் ஐயா. எந்த எடத்துல எது உசிரோட ஈக்கிது, எது செத்துப் போச்சின்னு வருஷா வருஷம் போய்ப் பாப்போம். ஒண்ணையும் விட மாட்டோம்."

மாமா உட்கார்ந்தார். எனக்கோ வெற்றிபெற்ற மிதப்பு. அவர் பேச்சை மாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவரை மறித்தேன். "ரெண்டு வாய் மாசிக்குக் கரகம் போவும்னா, நாள் பூரா எலும்ப மென்ட வாய்க்கு என்னங்க மாமா?"

"அது நெருப்புல வெந்தது. சுத்தமாயிருச்சி."

"மாசிய மட்டும் பச்சையாவா இடிக்கிறாங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னால் நின்ற ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் நான் பற்றவைத்தது என் கையோடு நிற்கவில்லை. மாலைக்குள் தோட்டத்துக்கே விரதம் முறிந்துவிட்டது என்று பேச்சாகிவிட்டது. வெற்றிலை போடாத வாய் எங்கள் தோட்டத்தில் உண்டா? எல்லாரும் சுண்ணாம்பைக் கைவிட்டார்கள். சுண்ணாம்பில்லாத வெற்றிலை மாட்டுத் தீனி என்று அதையும் கைவிட்டார்கள். மறுநாள் காலை வெற்றிலை இல்லாமல் பால் வெட்டப் போன பெண்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கத்தியை மரத்தில் வைக்கும்போது இருளாயி அக்கா பார்த்த பார்வையில் அது என் கழுத்தோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. "ஒங் கரகத்துக்கு எங்க வெத்தலதான் கெடச்சிச்சா?" என்றாள்.

கோயிலுக்கு அப்போதுதான் வெள்ளை அடித்திருந்தது. எலும்புப் பூச்சு அம்மனைச் சுற்றி இருக்கலாமா என்று இளவட்டங்கள் கிளம்பி, தேங்காய்ச் சிரட்டையால் சுவரைச் சுரண்டத் தொடங்கினார்கள். ஸாஹிரா மிஸ்ஸும் வெள்ளைக்காரரும் ஜீப்பில் வந்து இறங்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். கடலையே பார்க்காத ஒரு தோட்டம் பவளத்துக்காகத் தன் கோயில் சுவரைச் சுரண்டுகிறது என்று வெள்ளைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். இது அத்தனை நாட்டு அமைப்புகளுக்கும் போகும் என்றார் மிஸ். மலைக் கல்லில் சுட்ட சுண்ணாம்பு இருக்கிறது, அதில் எந்தப் பூச்சியும் இல்லை, கோயிலுக்கு வேண்டியதைத் தாங்களே தருகிறோம் என்றும் சொன்னார். நடந்தது என்ன என்று அவர்களிடம் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. எனக்கும்தான்.

மாமாவை மட்டும் காணவில்லை. கரகத்தைக் கேட்டு வாங்கிவிட இதுதான் நேரம் என்று நேராக அவர் காம்பராவுக்குப் போனேன்.

அடுப்படியில் குந்தியிருந்தார். கையில் காப்பு இல்லை. அவிழ்த்து அம்மன் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். கிருஷ்ணகுமாரி சுவரோடு ஒட்டி நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நீயே எடு கலா" என்றார். "இந்தக் கையால நான் யாருக்கும் காப்புக் கட்ட மாட்டேன்."

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். 

"மவன் போன நாளுல இருந்து தெனமும் அம்மன்கிட்ட நிக்கிறேன்" என்றார் அவர். "வாயில அந்த எலும்ப வச்சிக்கிட்டுத்தானே நின்டிருக்கேன். அதனாலதான் எம் மவன அவ காட்டல. நான்தான் கெடுத்துட்டேன்."

 பெரட்டுக் களத்தில் எது இருக்கு, எது இல்லாமப் போச்சு என்று அவர் எழுந்து கேட்டது யாரை நினைத்து என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் விளையாட்டாகச் சொன்னதை, அவரை மடக்க நான் கண்டுபிடித்த ஒரு நியாயத்தை, இந்த மனுஷர் தன் தலையில் அள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் நாக்கை இழுத்து அறுக்கலாம் போல இருந்தது.

அவர் பக்கத்தில் நானும் குந்தினேன்.

"மாமா, நான் வெத்தல போடுவேனா மாட்டேனா?"

"போடுவ."

"அவரு உள்ள இருந்த நாளெல்லாம் போட்டேன். நேர்ந்துக்கிட்ட அன்னைக்கும் வாயில வெத்தலதான். அதே கடைச் சுண்ணாம்புதான். எம் புருஷன் வந்துட்டாரே மாமா. எப்புடி வந்தாரு?"

அவர் என்னையே பார்த்தார். சொல்லும்போது ஆறுதலாகத்தான் தோன்றியது. சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று எனக்கே தெரிந்தது. அவர் மகன் வராததற்கு இனி ஒரு காரணமும் இல்லை.

 அப்புறம் கையை நீட்டினார். "அந்தக் காப்ப எடு" என்றார். நானே கட்டிவிட்டேன்.

கரகம் எடுக்கும் நாள் ஆற்றங்கரையில் பூசாரியிடம் நான்தான் சொன்னேன்: லயத்து முக்குவரைக்கும் கிருஷ்ணகுமாரி, அங்கிருந்து கோயில் வரைக்கும் நான். அப்படி வழக்கமில்லையே என்று அவர் இழுத்தார். மலைச் சுண்ணாம்பு கிடைத்த தெம்பில் இருளாயி அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கரகத்தைக் கிருஷ்ணகுமாரியின் தலையில் தூக்கி வைத்தார்.

தப்பு மேளத்தோடு ஏறி வந்தோம். வெள்ளைக்காரர் எங்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். பவளம் பிழைக்கத்தான் இந்தப் பூசை என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். லயத்து முக்கு வந்ததும் தப்பு நின்றது. நான் கையை நீட்டினேன். கிருஷ்ணகுமாரி தரவில்லை. கண்ணை மூடியபடி இரண்டு கையாலும் கரகத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். வேப்பிலை நடுங்கியது.

"குடும்மா, அக்காகிட்ட குடு" என்றார் மாமா.

"விடுங்க மாமா" என்றேன். "இன்னும் கொஞ்சத் தூரம் அவளே கொண்டு வரட்டும்."

தப்பு மறுபடி தொடங்கியது. கோயில் வாசலில் என் தலைக்கு மாற்றினால் போதும், அம்மனுக்குக் கணக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, அவள் தடுமாறினால் பிடிக்கத் தோதாகப் பக்கத்திலேயே நடந்தேன்.