நிலுவை: இல்லை

நகராட்சித் தலைவியின் வீட்டு அலமாரியில் பத்துக் கேடயங்கள் இருந்தன. பத்தும் ராணுவ முகாம் கொடுத்தவை. மரப்பலகை, நடுவில் பித்தளைக் கழுகு, அதன் காலடியில் 'நல்லுறவின் நினைவாக' என்று ஒரு வரி. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு கேடயம். அவளும் வெறுங்கையோடு போவதில்லை. நகராட்சி முத்திரை போட்ட கேடயம் ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் வருவாள். முகாமிலும் யாரோ ஒருவர் அலமாரியில் இடம் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

"அண்ணி, இன்னிக்கு வர்றதை எங்க வைக்கப் போறீங்க?" நாத்தனார் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு கேட்டாள். "பாத்ரூம்ல ஒரு பலகை அடிச்சிடலாமா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காத."

"நான் எங்க ஆரம்பிச்சேன்? ரெண்டரை வருஷமா நீங்கதான ஆரம்பிச்சுக்கிட்டே இருக்கீங்க."

புதன்கிழமைகளில் நாத்தனாரின் நாக்குக்குக் கொஞ்சம் தெம்பு உண்டு. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவள் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் எந்திரத்தோடு கிடப்பாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அவளுடைய ரத்தத்தைச் சுத்தம் செய்வது அந்த எந்திரம்தான். ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் முகாம் படுத்திருக்கிறது. முகாமுக்குள் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு நேர்சாலை; நாலே கிலோமீட்டர். சுற்றிக்கொண்டு போனால் இருபத்து மூன்று, அதில் பாதி குண்டும் குழியும். போகும்போது சமாளித்துவிடலாம். திரும்பும்போது உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. ஒவ்வொரு குழிக்கும் நோயாளிகள் வண்டியில் யாராவது ஒருவர் வாந்தி எடுப்பார்.

தலைவி முகாமிடம் கேட்டது ஒரே ஒரு வண்டிக்கு வழி. வாரத்தில் மூன்று நாள், போக ஒரு தடவை, வர ஒரு தடவை. வழியில் நிறுத்த மாட்டார்கள். வேண்டுமானால் ஒரு சிப்பாய் கூடவே ஏறிக்கொள்ளட்டும். நோயாளிகளின் பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்து முதல் கூட்டத்திலேயே கையில் கொடுத்திருந்தாள்.

முதல் கமாண்டர் "கண்டிப்பா செய்யலாம்மா" என்றார், மாற்றலாகிப் போனார். இரண்டாமவர் "நான் எழுதறேன்" என்றார், அவரும் போனார். இப்போது மூன்றாமவர் வந்து எட்டு நாள் ஆகிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தோடுதான் வருவார்கள்: "நாம புதுசா ஆரம்பிப்போம்." அதைக் கேட்டாலே அவளுக்குப் பல் கூசும்.

பத்தரை மணிக்கு நகராட்சிக் கார் முகாம் வாசலில் நின்றது. முன்னிருக்கையில் தலைமை எழுத்தர், மடியில் கேடயப் பெட்டி. எந்தக் கூட்டத்தில் எவ்வளவு அடிதடி நடந்தாலும் 'சுமுகமாக நடைபெற்றது' என்றே எழுதுவதால் அலுவலகத்தில் அவருக்குச் சுமுகம் என்றே பெயர். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

தடுப்புக் கம்பம் உயர்ந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் குதிகாலைத் தட்டி சல்யூட் வைத்தான்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தானாகவே முதுகு நிமிர்கிறது, எரிச்சலாக இருந்தது. வீட்டில் அவள் உள்ளே நுழைந்தால் கணவர் பேப்பரைக்கூட மடக்குவதில்லை. நகராட்சிக் கூட்டத்தில் உறுப்பினர்கள் அவள் பேசும்போதுதான் செல்போனை எடுப்பார்கள். இந்த வாசலில் மட்டும் ஒருவன் அவளுக்காகக் குதிகாலைத் தட்டுகிறான். பின்வாசல் விஷயம் இல்லாவிட்டாலும் இந்தக் கூட்டங்களுக்கு நான் வந்திருப்பேனோ என்று ஒரு கேள்வி தலைதூக்கியது. அதற்குள் கார் நின்றுவிட்டது.

புதிய கமாண்டர் மூக்குக் கண்ணாடிக்காரர். மேசையில் பிஸ்கட் தட்டு, தண்ணீர் பாட்டில்கள், தடித்த கோப்பு ஒன்று. ஓரத்தில் போட்டோகிராபர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. நாம புதுசா..."

"சார், ப்ளீஸ். அது மட்டும் வேண்டாம்."

அவர் ஒரு கணம் திகைத்துவிட்டுச் சிரித்தார். "சரி, பழசுல இருந்தே ஆரம்பிப்போம். நேத்து உக்காந்து பத்துக் கூட்டத்தோட குறிப்பையும் படிச்சேன்."

அவளுக்குச் சட்டென்று அவர்மேல் ஒரு பிரியம் வந்தது. கோப்பைப் படித்த முதல் கமாண்டர்!

"படிச்சதுல ரொம்ப சந்தோஷம்மா. உங்க பக்கத்துல ஒரு பிரச்சினையும் இல்ல."

"என்னது?"

"எந்தக் கோரிக்கையும் பாக்கியில்ல. மத்த ஊர்ல எல்லாம் வந்து உயிரை எடுப்பாங்க."

"சார், ரெண்டரை வருஷமா தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன். ஒரு வண்டி. ஒரே ஒரு வண்டி! நோயாளிங்க வண்டி!"

அவர் கோப்பைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். பத்துத் தாள்கள். 'பல்வேறு பொருள்கள் குறித்துச் சுமுகமாகப் பேசப்பட்டது.' அடியில் ஒரு கட்டம்: நிலுவையில் உள்ளவை. பத்துத் தாளிலும் அந்தக் கட்டத்துக்குள் ஒரே சொல்: இல்லை. அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து. வால் நீட்டி, சுழி போட்டு, அழகான கையெழுத்து.

அவள் மெதுவாகச் சுமுகத்தின் பக்கம் திரும்பினாள். அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"'உண்டு'ன்னு போட்டா மாவட்ட ஆபீஸ்ல இருந்து ஏழு நாளைக்குள்ள விளக்கம் கேப்பாங்கம்மா," என்றார் தணிந்த குரலில். "விளக்கமும் நாமதான் எழுதணும்."

"பத்து தடவையுமா?"

"முதல் தடவை 'இல்லை'ன்னு போட்டாச்சு. அடுத்த தடவை மாத்தினா, ஏன் மாத்தினீங்கன்னு அதுக்கு ஒரு விளக்கம் கேப்பாங்கம்மா."

"நான் கொடுத்த லிஸ்ட்?"

"அது நம்ம ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்மா. கட்டம் 'இல்லை'ன்னு இருக்கும்போது இணைப்பு எப்படிம்மா வைக்கிறது? முதல் கூட்டத்துலயே மேசையில இருந்து எடுத்து வச்சுக்கிட்டேன்."

மனிதர் பொய் சொல்லவில்லை, ஒளிக்கவும் இல்லை. வருஷக்கணக்காகத் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததாகவே நம்பி உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்டினால் காற்றைத் திட்டுவது மாதிரிதான். அதைவிட, கையெழுத்து அவருடையது இல்லையே. ஒவ்வொரு முறையும் இந்தத் தாள் நீட்டப்பட்டபோது நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தாள். நன்றாகவே ஞாபகம் வந்தது. போட்டோகிராபர் நிற்கும் இடம் சொல்லிக்கொண்டிருப்பார். அவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே குனிந்து கையெழுத்துப் போடுவாள். சுழி மட்டும் ஒருநாளும் கோணியதில்லை.

முகம் சூடாயிற்று. பையைத் திறந்து பட்டியலின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதுதான் சார் அந்த லிஸ்ட். பதினோரு பேர். என் நாத்தனாரும் இருக்கா. அதனாலதான் கேக்கறேன்னு நெனச்சாலும் பரவாயில்ல."

கமாண்டர் படித்தார். "நியாயமாத்தான் தெரியுது. ஆனா நான் மேலிடத்தைக் கேக்கணும்."

"கேளுங்க. கேக்கப்போறேன்னு இதுல எழுதுங்க." இன்றைய குறிப்புத் தாளை இழுத்து, கட்டத்தில் சுமுகம் முன்கூட்டியே நிரப்பிக் கொண்டுவந்திருந்த 'இல்லை'யை இரண்டு கோட்டால் அடித்தாள்.

"எழுதினா அது வாக்கு கொடுத்த மாதிரி ஆயிடும்மா."

"ஆகட்டுமே சார். நீங்க மாறிப் போயிடுவீங்க, அது உங்க தப்பில்ல. காகிதம் இங்கயேதான் இருக்கும். இத்தனை நாளா அது என்னைப் பத்திப் பொய் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நானே கையெழுத்துப் போட்ட பொய்."

சுமுகம் கூரையைப் பார்த்தார். கமாண்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு எழுதினார்: 'நிலுவை: ஒன்று. நோயாளிகள் வண்டிக்கு முகாம் சாலையில் அனுமதி. பட்டியல் இணைப்பு. இருபது நாளில் பதில்.' கையெழுத்து, தேதி.

அவளும் போட்டாள். இந்த முறை முழுத்தாளையும் இரண்டு தடவை படித்துவிட்டு.

"அம்மா, இப்படி வந்து கேடயத்தைப் பிடிங்க," என்றார் போட்டோகிராபர்.

"பதில் வரட்டும். சேர்த்து வாங்கிக்கறேன்."

நகராட்சிக் கேடயத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சுமுகம் அதைத் திரும்பவும் மடியில் வைத்துக்கொண்டே கார் ஏறினார். "மாவட்ட ஆபீஸ்ல கேப்பாங்கம்மா," என்று வழியெல்லாம் முனகினார். "கேக்கட்டும்," என்றாள் அவள். வாசலில் சிப்பாய் குதிகாலைத் தட்டினான். முதுகு மறுபடி நிமிர்ந்தது. சீ, என்று தன்னைத்தானே சலித்துக்கொண்டாள்.

வீட்டில் நாத்தனார் அதே நாற்காலியில் இருந்தாள். "எங்க அண்ணி கேடயம்? பொருளே காணோம்?"

அவள் குறிப்புத் தாளின் நகலைப் பட்டியலோடு நீட்டினாள். நாத்தனார் முன்பு கணக்கு டீச்சர். எதைக் கொடுத்தாலும் விடைத்தாள் திருத்துவதுபோலத்தான் படிப்பாள். கட்டத்தைப் படித்தபோது புருவம் உயர்ந்தது. "பரவாயில்லையே!" என்றாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பட்டியலில் விரல் இறங்கிக்கொண்டே வந்து நின்றது.

"இது எப்ப அடிச்ச லிஸ்ட்?"

"முதல் கூட்டத்துக்கு அடிச்சதுதான். ஏன்?"

"அண்ணி, இதுல நாலு பேர் இப்ப இல்ல."

தையல்காரர். தபால்காரரின் மனைவி. லாரி மெக்கானிக். ஜன்னலோர இடத்துக்காக எல்லோரிடமும் சண்டை போடும் அந்த வக்கீல் குமாஸ்தா. நாலு பேர் வீட்டுக்கும் நகராட்சி சார்பில் மாலையோடு போய்விட்டு வந்தவள் அவள்தான். போய்விட்டு வந்து, அடுத்த கூட்டத்துக்கு அதே பட்டியலைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். ஒருமுறைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

நாத்தனார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்து பேனாவை எடுத்து, அளவுகோல் வைத்ததுபோல நாலு நேர்கோடு போட்டாள். அடியில் புதிதாக ஆறு பெயர் எழுதினாள். எல்லோரும் அவளோடு வண்டியில் வருகிறவர்கள்.

"பதினொண்ணுல நாலு போக ஏழு, ஏழும் ஆறும் பதிமூணு. நாளைக்குக் காலையிலயே திருத்திக் கொடுத்திடுங்க. இல்லன்னா எண்ணிக்கை சரியில்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"நாளைக்கு எதுக்கு?" என்று அவள் செருப்பை மறுபடி மாட்டினாள். "சுமுகம் இன்னும் ஆபீஸ்லதான் இருப்பார்."