துரைக்கு முடிவெட்டு, ஆமென் நீங்கலாக

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ் ஜன்னலில் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் நீங்களே கண்டுபிடித்து என்னை மட்டமாக நினைப்பீர்கள். 1981, ஆடித்தபசு சமயம். சங்கரன்கோவிலில் கூட்டத்துக்கு நடுவே ராயகிரி பஸ் நகர முடியாமல் நின்றது. எதிரே ஒரு சலூன். உள்ளே சுழல் நாற்காலியில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, சடைசடையாக முடி தொங்கும் ஒரு கிழட்டுப் பூனை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஓர் அம்மாள் கண்ணை இறுக மூடி, உதடு அசைய நின்றிருந்தார். முடிவெட்டுகிறவர் கத்தரியோடு குனிந்தார். அந்த நேரம் பார்த்து டிரைவருக்கு வழி கிடைத்துவிட்டது.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதி புளுகு.*

(* 'கற்பனை' என்று எழுதி அடித்தேன். அவ்வளவு கௌரவத்தை இந்தக் கதை தாங்காது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கடையநல்லூர் மன்சூர் அலி துபாயிலிருந்து வந்து இறங்கியபோது ஒரு கையில் டேப் ரிக்கார்டர், மறு கையில் ஒரு பூனைக்குட்டி—

நிறுத்திவிட்டேன். மன்சூர் அலி துபாய் போய் நாலு வருஷம்தான் ஆகிறது. நான் பார்த்த பூனைக்குப் பதினாறு வயதாவது இருக்கும். தவிர, அந்த அம்மாள் கண்ணை மூடியிருந்த விதம் எனக்குத் தெரியும். கண்ணை அப்படி மூடுகிறவர்கள் எங்கள் ஜில்லாவில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்தான் இருப்பார்கள். ஆகவே அவருக்குக் கிருபாபாய் டீச்சர் என்று பெயர் வைத்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா, கப்பலில் ஏற்ற முடியாமல் விட்டுப்போன குட்டிதான் பூனை. நிறத்தைப் பார்த்துத் தெருவில் எல்லோரும் துரை என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

3

பிரச்சினை இது. துரைக்கு வயதாகிவிட்டது. தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் வேலையை விட்டுவிட்டது. முடி திரிந்து, இறுகி, கக்கத்தில் கட்டி கட்டியாகத் தோலை இழுத்தது. ஒவ்வோர் அடிக்கும் முனகியது. டீச்சர் தாமே கத்தரியை எடுத்தார். கண்ணில் புரை, கையில் நடுக்கம். தோலில் பட்டு ரத்தம் வந்ததும் பூனையை விட அதிகமாக அவர்தான் அழுதார்.

(இந்த இடத்தில் டீச்சருடைய தனிமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். ஜன்னல், மழை எல்லாம் வந்தது. எடுத்துவிட்டேன். பூட்டைத் திறந்து வீட்டுக்குள் நுழையும்போது குரல் கொடுக்க அவருக்கு இருந்த ஒரே ஜீவன் அது. சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.)

மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். காளைகளுக்கு நடுவே கூடையோடு காத்திருந்தார். டாக்டர் நல்ல மனிதர். ஊசி போடலாம், பேதிக்கு மருந்து தரலாம், தலை சீவிவிட அரசாங்கம் ஆள் போடவில்லையே என்று வருத்தப்பட்டார். மயக்க ஊசி கொடுத்தால் இந்த வயதில் எழுந்திருக்குமா என்பது சந்தேகம் என்றார். தொழில் தெரிந்தவன் எவனாவது பதமாக வெட்டினால் பிழைக்கும், அதுவும் பயத்தில் நெஞ்சு நின்றுபோகாமல் இருந்தால்.

தொழில் தெரிந்தவன் என்றால் செம்மறியாட்டுக்கு உரோமம் கத்தரிக்கும் ஆறுமுகச்சாமி இருந்தார். அவர் துரையைப் பிடரியில் பிடித்துத் தூக்கி, எடை பார்ப்பதுபோல் ஆட்டிப் பார்த்தார்.

"கொளத்துல ரெண்டு முக்கு முக்கி, நாலு காலையும் கெட்டிப்போட்டா சோலி முடிஞ்சிரும் டீச்சர்."

எந்தச் சோலி முடியும் என்று டீச்சருக்குப் புரிந்தது. கூடையை மூடிக்கொண்டு வந்துவிட்டார்.

4

மிச்சம் இருந்தது தங்கப்பழம் சலூன். தங்கப்பழம் டீச்சரிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். காலை ஜெபத்தில் கண்ணைத் திறந்து வேடிக்கை பார்த்ததற்காக வாரம் தவறாமல் அடி வாங்கியவன்.

(டீச்சரும் கண்ணை மூடித்தானே இருந்திருப்பார், எப்படிப் பார்த்தார் என்று கேட்காதீர்கள். டீச்சர்களைப் பற்றி எனக்கே தெரியாத விஷயங்கள் உண்டு.)

டீச்சர் கூடையைத் திறந்து துரையை நாற்காலியில் வைத்ததும் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. வெள்ளைத் துணியை உதறிப் பூனைக்குக் கட்டினான். கக்கத்து முடியைப் புரட்டிப் பார்த்தான். பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டான்.

தபசு நாளில் விடிந்ததிலிருந்து நேர்ச்சை மொட்டை போடுகிறவன் அவன். எந்தத் தலையானாலும் யாருக்கு என்று கேட்டு, அந்தச் சாமி பெயரைச் சொன்ன பிறகே முதல் மயிரை எடுப்பான். அதிலும் தானாகத் திரிந்த சடை என்றால் அதில் ஒரு தெய்வம் கை வைத்திருக்கிறது என்று கணக்கு.

"இது சிக்கு இல்ல டீச்சர், சடை. யாருக்குன்னு சொல்லாம எடுக்கக் கூடாது."

"எங்கள்ல முடி நேருத வழக்கம் கெடையாதுலே."

"அப்ப ஒங்க சாமிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. யாருட்டயும் சொல்லாம எனக்குக் கை ஓடாது."

டீச்சர் தெருவைப் பார்த்தார். சபையார் யாராவது கண்டால் பூனைக்கு மொட்டை நேர்ந்ததாக அடுத்த ஞாயிறு பேச்சாகிவிடும். துரையைப் பார்த்தார். அது உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பாதியில் இருந்தது.

"சரி. நான் ஜெபம் பண்ணுதேன்," என்றார். "நீ இன்னைக்கு மட்டும் கண்ணைத் தொறந்தே வச்சுக்கோ."

5

எங்கள் பக்கத்து ஜெபம் ஒரு வார்த்தையில் முடிகிற சமாச்சாரம் அல்ல. டீச்சர் இரவெல்லாம் காத்து வந்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்கி, ஆளுகிறவர்கள், வியாதிக்காரர்கள், மழை என்று போனார். கத்தரிச் சத்தம் கேட்டது. 'இந்தத் தங்கப்பழத்தின் கையை ஆசீர்வதியும்' என்றபோது சத்தம் ஒரு நொடி நின்றது. தன் பெயரை யாரும் எந்தச் சாமியிடமும் சொல்லி அவன் கேட்டதில்லை. பிறகு முன்னைவிட மெதுவாகக் கேட்டது. துரை முதலில் முனகியது. அப்புறம் முனகவில்லை.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

முடிவு அ: டீச்சர் கண் திறக்கிறார். பாதி உடம்பாகிவிட்ட துரை, தன்னைக் கண்ணாடியில் பார்த்து வேறு பூனை என்று சீறிவிட்டு, வலியில்லாமல் இறங்கி நடக்கிறது.

முடிவு ஆ: டீச்சர் கண் திறக்கிறார். துரை தூங்குகிறது. தங்கப்பழம் கத்தரியைத் துடைத்துக்கொண்டே—

இரண்டையும் எழுதினேன். முதலாவதை நானே நம்பவில்லை. இரண்டாவதை எழுதிய அன்று சோறு இறங்கவில்லை. ஆகவே ஜெபத்தை நீட்டினேன். டீச்சர் இப்போது மாட்டு டாக்டருக்காக ஜெபிக்கிறார். ஆறுமுகச்சாமிக்காக, அவர் ஆடுகளுக்காக. எதிரே கூட்டத்தில் சிக்கி நிற்கும் பஸ்ஸுக்காக, அதன் ஜன்னலில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பவனுக்காகவும். நீட்டுவது நான் என்றுதான் முதலில் நினைத்தேன். கத்தரிச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது. அது அவருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் அவர் விடாமல் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகிறார். கண்ணைத் திறக்கப் பயம்.

தங்கப்பழம் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறான். அவனிடம் கேட்கலாம் என்றால், என் பஸ் நகர்ந்துவிட்டது.

நீங்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறீர்கள். உங்கள் சாமி யாராக இருந்தாலும் பரவாயில்லை. துரையின் முதுகில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் சத்தமாக ஆமென் சொல்லுங்கள். இல்லையென்றால் பேசாமல் இருங்கள், அவர் இன்னும் கொஞ்சம் ஜெபிக்கட்டும்.