இரண்டு அறை, ஒரு பொட்டலம்

அன்று காலையிலிருந்து அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு நாற்காலி.

சக்கரம் வைத்த கறுப்பு நாற்காலி. கைப்பிடியில் பஞ்சு பிதுங்கி, அதன்மேல் டேப் சுற்றியிருக்கும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அவள் அதில்தான் உட்காருவாள். அவள் முதுகு எங்கே வளையும், எங்கே வலிக்கும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. முந்தின நாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கொழுந்தன் வந்து, "அண்ணா, உட்கார்ந்து படிக்க ஒரு நாற்காலி வேணும்" என்றான். அண்ணன் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

"பழசாயிடுச்சுன்னு நீதானே சொன்ன?" என்றான் காலையில்.

"உன்னையும்தான் பழசாயிடுச்சுன்னு சொல்றேன். யாருக்காவது தூக்கிக் கொடுத்துட்டேனா?"

அதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. சண்டை என்று வந்தால் அவன் பேசமாட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவளுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வரும். சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவன் கூடத்தில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தான்.

இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வேலை. எங்கேயோ யாரோ எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருளின் மூலநிரலை வாங்கி, கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, சோதித்து, ஒரு கட்டாகக் கட்டி, ஆஸ்பத்திரி, பஸ் டிக்கெட் மெஷின் என்று கேட்டவர்களுக்கு அனுப்ப வேண்டும். பேக்கேஜிங் என்பார்கள். மாமியார் பக்கத்து வீட்டில் "ரெண்டு பேரும் பொட்டலம் கட்டுறாங்க" என்று சொல்லி வைத்ததில், அந்த வீட்டு அம்மாள் ஒருநாள் கால் கிலோ மிளகு கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆபீஸ் கட்டடத்தில் மின்சார வேலை நடந்ததால் அன்று எல்லோரும் வீட்டில். காலையிலேயே மேலதிகாரி திரையில் வந்தார். எதைச் சொன்னாலும் 'அவசரம்' என்று ஆரம்பிப்பதால் ஆபீஸில் அவருக்கு அவசரம் மேடம் என்றே பெயர்.

"அவசரம். நம்ம என்கிரிப்ஷன் லைப்ரரியில ஓட்டை கண்டுபிடிச்சிருக்காங்க. அடைச்சு, புது மூலநிரல் விட்டுட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள பேக்கேஜ் ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்."

செய்தி அனுப்பும்போது வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவதும், போய்ச் சேர்ந்ததும் திறப்பதும் அந்த லைப்ரரி என்கிற நிரல் தொகுப்பின் வேலை. நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு ஊருக்கெல்லாம் தெரியாமல் இருப்பது அதனால்தான். அப்படிப்பட்ட பூட்டை ஒரே ஆள் கட்டினால் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. இரண்டு பேர், இரண்டு மெஷினில், தனித்தனியாகக் கட்ட வேண்டும். முடிந்த பொட்டலத்தைச் சுருக்கினால் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரி வரும். அதைக் கைரேகை என்பார்கள். இரண்டு கைரேகையும் அச்சாக ஒன்றாக இருந்தால், நடுவில் யாரும் கைவைக்கவில்லை என்று அர்த்தம். ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை தலைகீழாகிவிடும்.

"வழக்கமா உங்கள்ல ஒருத்தரோட கட்டுறவர் பல்லு பிடுங்கப் போயிருக்கார். நீங்க ரெண்டு பேரும் கட்டுங்க. ஒரே வீடு, பேசி முடிச்சுடுங்க."

இரண்டு திரையில் இரண்டு தலைகள் ஆடின.

அவள் ஒரு புது ஃபோல்டர் திறந்தாள். பெயர் கேட்டது. சற்று யோசித்து, 'கல்லுளிமங்கன்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள். மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. மூலநிரலை அதற்குள் இறக்கிக் கட்டத் தொடங்கினாள். லேப்டாப் காற்றாடி இரைய ஆரம்பித்தது. திரையில் வரி வரியாக ஓடியது. முதுகு அப்போதே வலிக்கத் தொடங்கிவிட்டது.

பாதியில் ஒரு சந்தேகம். மூலநிரலை மாற்றித் தரும் கம்பைலரில் அவன் எந்த வெர்ஷனை வைத்துக் கட்டுகிறான்? அது மாறினால் கைரேகை மாறிவிடும். சாட்டில் கேட்கலாம்தான், ஆனால் சாட்டும் பேச்சில் சேர்த்திதான் என்பது அவள் கட்சி. கதவைத் திறந்து, "அத்தை, உங்க பையன்கிட்ட கம்பைலர் பதிமூணா பதினாலான்னு கேளுங்க" என்றாள்.

மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கம் எதைச் சொன்னாலும் இந்தப் பக்கம் அப்படியே சேர்ப்பார். தன் சரக்கை நடுவில் சேர்க்கமாட்டார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கூடத்துக்கு நடந்தார்.

"கம்பைலர் பதிமூணா பதினாலா?"

"பதிமூணுன்னு உன் மருமககிட்ட சொல்லும்மா. அதுகூடப் பார்க்காம ஆரம்பிச்சாச்சான்னும் கேளு."

அவர் திரும்பி வந்தார். "பதிமூணு. அதுகூடப் பார்க்காம ஆரம்பிச்சாச்சா?"

"என்னதும் பதிமூணுதான், பார்த்துட்டுத்தான் ஆரம்பிச்சேன்னு சொல்லுங்க. சிலபேர் மாதிரி கேட்காம எடுத்துக் கொடுக்குற பழக்கம் எனக்கில்லன்னு சொல்லுங்க."

மாமியார் அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தார், ஒரு சொல் குறையாமல்.

சோதனைகள் எல்லாம் தேறின. இரண்டு அறையிலும் கட்டி முடிந்தது. மாமியார் கூடத்தில் மகனுக்குப் பின்னால் நின்று, திரையிலிருந்த கைரேகையை உரக்கப் படித்தார். "ஏழு. பி. பி. பூஜ்யம்..."

"போதும் அத்தை. எனக்கு முதல் எழுத்தே டி."

மறுபடி முதலிலிருந்து கட்டினார்கள். ஏழு ஏழாகவே இருந்தது, டி டியாகவே இருந்தது.

"ஏதாவது விட்டிருப்பா, பார்க்கச் சொல்லும்மா."

"நான் எதையும் விடல. அவர் மெஷின்ல குப்பை இருக்கும், கூட்டச் சொல்லுங்க."

"குப்பையை யாரு பேசறதுன்னு கேளு."

மாமியார் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். "லைன் கட்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

வேறு வழியில்லை. இரண்டு பொட்டலத்தையும் பிரித்து எதிரெதிரே வைத்து வித்தியாசத்தைக் காட்டும் கருவி ஒன்று ஆபீஸில் உண்டு. இரண்டு பேரும் பொட்டலத்தை ஏற்கனவே ஏற்றியிருந்தார்கள். அவள் கருவியை ஓடவிட்டாள்.

இடது பக்கம் அவனுடையது, வலது பக்கம் அவளுடையது. வேறுபட்ட இடங்களெல்லாம் சிவப்பில் வந்தன. அவள் முதலில் தன் பக்கத்தைப் படித்தாள். கல்லுளிமங்கன். கொஞ்சம் கீழே இன்னொரு கல்லுளிமங்கன். லைப்ரரியின் உள்ளே, மூலை முடுக்கெல்லாம் கல்லுளிமங்கன்.

என்ன நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. ஏதாவது கோளாறு வந்தால் எந்தக் கோப்பில் வந்தது என்று லைப்ரரி சொல்ல வேண்டும். அதற்காகக் கட்டும்போதே கோப்பின் முழு முகவரியையும் உள்ளே எழுதிக்கொள்கிறது. முகவரியில் ஃபோல்டர் பெயரும் வந்துவிடும். ஆபீஸ் மெஷின்களில் எல்லோருக்கும் ஒரே ஃபோல்டர் பெயர் என்பதால் இந்தத் தொல்லை இதுவரை தலைகாட்டியதில்லை.

அப்புறம்தான் இடது பக்கத்தைப் படித்தாள். பிடிவாதக்காரி. கீழேயும் பிடிவாதக்காரி.

"அடப்பாவி" என்றாள், ஸ்டூலுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவனைப் பிடித்து உலுக்கலாம் என்று எழுந்தவளுக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஞாபகம் வந்தது. அந்தக் கருவி ஓடி முடிந்தால் அறிக்கை தானாகவே ஆபீஸில் எல்லோரும் இருக்கும் சாட் குழுவில் போய் விழும். பார்த்தாள். விழுந்திருந்தது. பல் டாக்டர் நாற்காலியிலிருந்து, பேச முடியாமல் கிடந்த சகா தட்டச்சு செய்து கேட்டிருந்தான்: "கல்லுளிமங்கன் புது லைப்ரரியா? எந்த வெர்ஷன்?"

திரை அலறியது. அவசரம் மேடம்.

"அவசரம்! ரெண்டு பேரும் கையை எடுங்க, எதையும் தொடாதீங்க. உள்ள ஆள் புகுந்திருக்கான்! என்கிரிப்ஷன் லைப்ரரிக்குள்ள யாரோ கண்டதை எழுதி வெச்சிருக்கான். ரகசியச் சொல்லா இருக்கும்."

"மேடம், அது வந்து..." என்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு போன் போடப் போறேன். மெஷினையெல்லாம் நிறுத்தச் சொல்லிடலாம்."

போன் எடுக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்து அவன் உள்ளே ஓடி வந்தான். காலையிலிருந்து முதல் முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ சொல்லு" என்றான்.

"நீயே சொல்லு."

"நான் எப்படிச் சொல்றது?"

"எழுதத் தெரிஞ்சுதுல்ல?"

"மைக் திறந்திருக்கு" என்றார் மேடம். "என்னத்தைச் சொல்லணும்? பிடிவாதக்காரி யாரு?"

அவள் தொண்டையைச் செருமினாள். "நான்தான் மேடம்."

"அப்ப கல்லுளிமங்கன்?"

அவன் சுவரைப் பார்த்தான். அவள் முழங்கையால் விலாவில் இடித்தாள்.

"நான்தான் மேடம்."

மறுபக்கம் போனை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மேடம், அவர் குரலிலேயே இதுவரை யாரும் கேட்டிராத நிதானத்தோடு, "சரி. பிடிவாதக்காரி ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. கல்லுளிமங்கனும் போகக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள முடிங்க" என்றார். சிரிப்பை அடக்குகிற மாதிரி ஓர் இருமல் வந்து இணைப்பு அறுந்தது.

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். ஃபோல்டர் பெயரை உள்ளே எழுதாமல் அந்த இடத்தில் வெறும் புள்ளி வைக்கச் சொல்ல கம்பைலருக்கு ஒரு கட்டளை உண்டு. கட்டளை அவனுக்கு மனப்பாடம். அதைக் கட்டும் விதிகளில் எந்த இடத்தில் நுழைப்பது என்பது அவளுக்குத் தெரியும். அவன் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். அவன் கூடத்துக்குப் போய்த் தன் மெஷினிலும் அதையே அடித்துவிட்டு, லேப்டாப்போடு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான். இரண்டு காற்றாடியும் சேர்ந்து இரைந்தன.

"நான் கல்லுளிமங்கனா?"

"இல்லையா?"

அவன் பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தான்.

"பார்த்தியா!" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, ஸ்டூல் ஆடியது. அவனுக்கும் தொற்றிக்கொண்டது. "பல் டாக்டர்கிட்ட இருந்து வெர்ஷன் கேட்கிறான் பாரு" என்று சொல்ல ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமலேயே கட்டிலில் சாய்ந்துவிட்டான்.

சிரித்து ஓய்ந்தபின் அவன் சொன்னான்: "கேட்காம கொடுத்தது தப்புதான். நீ அதுலயேதான் உட்காருவேன்னு தெரியும். தம்பி கேட்டதும் யோசிக்கல."

"இதைக் காலையில சொல்லியிருந்தா ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்காது" என்றாள். ஆனால் குரலில் சூடு இல்லை.

சோதனைகள் தேறின. அவன் தன் கைரேகையைப் படித்தான், அவள் தன் திரையில் விரலை நகர்த்திக்கொண்டே வந்தாள். நடுவில் ஓரிடத்தில் அவன் எட்டை மூன்று என்று படித்துத் தொலைத்ததில் இரண்டு பேருக்கும் உயிர் போய் வந்தது. கடைசி எழுத்து வரை ஒன்றாகவே இருந்தது. மேடம் சரிபார்த்துக் கையொப்பம் போட்டார். வெயில் இறங்குவதற்குள் பொட்டலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, மெஷின்கள் ஒவ்வொன்றாக அதை ஏற்றுக்கொண்ட செய்தியும் வந்தது.

மதியம் யாரும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சமையலறையில் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ரொட்டிதான் இருந்தது. அவள் கல்லை அடுப்பில் வைத்தாள், அவன் வெண்ணெய் தடவினான். குழுவில் வந்து விழுந்த கேலிகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்ததில், புகை வந்த பிறகுதான் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன்னைத்தானே பார்த்துக்கச் சொன்னேன்?" என்றாள்.

"எப்ப சொன்ன? நீதானே அடுப்புகிட்ட நிக்கிற?"

"நான் நிக்கிறேன், ஆனா திருப்பிப் போடற கரண்டி யார் கையில இருக்கு?"

அவன் கையைப் பார்த்தான். கரண்டி இருந்தது. "இதை நீதான் என் கையில திணிச்ச" என்று ஆரம்பித்தான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பதில் சொல்ல வாகாகத் திரும்பி நின்றாள்.